ஒரு துளி பச்சை இல்லாமல்

தோல் பச்சையாக இருக்கும் எலுமிச்சையை வீட்டுக்குள் கொண்டுபோகலாமா கூடாதா என்ற கேள்வியோடு, பினாங்கு ஜெலுத்தோங் பிளாட்டின் ஒன்பதாவது மாடி நடையில், ஒரு கையில் கத்தியும் மறு கையில் கிண்ணமுமாக நின்றுகொண்டிருந்தேன். கஸ்தூரி லீமாவ் என்று இங்கே சொல்வோமே, கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய சின்ன எலுமிச்சை, அதுதான். வெளியே பாசி பிடித்த பச்சை. அறுத்தால் உள்ளே விடிகாலை மாதிரி ஆரஞ்சு. உலகத்தில் எந்த அரசியல்வாதிக்கும் இப்படியொரு இரட்டை வேடம் கைவராது. கடைசியில் நானே தீர்ப்புச் சொன்னேன்: பச்சை வாசலோடு நிற்கட்டும், ஆரஞ்சு மட்டும் உள்ளே வரட்டும். நடையிலேயே குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அறுத்துக் கிண்ணத்தில் பிழிந்து, தோலைப் பையில் கட்டிக் குப்பைக் குழாயில் தள்ளினேன். துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு ரோஹானா என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நல்ல பெண். பக்கத்து வீட்டுப் பைத்தியத்துக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்தவள்.

என் வீட்டில் பத்து நாளாகப் பச்சைக்குத் தடை. என் மனைவி ரோசம்மாவுக்கு மார்பில் கட்டி வந்து, அதை அறுத்து எடுத்து, இப்போது மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது முறை ஏற்றிவிட்டு வீட்டுக்கு அனுப்பும்போது, என்ன சாப்பிடலாம், எது கூடாது என்று சொல்ல ஒரு தமிழ் மிஸ்ஸி, அதுதான் நர்ஸ், வந்தாள். காமினி என்று பெயர். பாதி மலாயும் பாதி இங்கிலீஷுமாக மழை மாதிரிக் கொட்ட ஆரம்பித்தாள். எனக்குத்தான் நாக்கில் சனி ஆயிற்றே. தமிழ்ப் பிள்ளைதானே, தாய்மொழியில் சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளுமா என்று கேட்டேன். ரோசம்மா என் தொடையில் கிள்ளினாள். அந்தப் பெண் வெட்கப்பட்டு, கண்ணை மேலே உருட்டி, பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பகுதி ஒப்பிக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தாள்.

"அங்கிள், ஆன்ட்டிக்கு உடம்புல எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைஞ்சிடும். பச்சைக் காய்கறி எதுவும் கொடுக்காதீங்க. சுத்தமா வேணாம்."

நான் கை தட்டினேன். எதிர்க் கட்டிலில் படுத்திருந்த சீனக் கிழவி எனக்கு என்னமோ லாட்டரி விழுந்துவிட்டதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். ஏதாவது என்றால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று வார்டு நம்பரையும் கொடுத்து அனுப்பினாள் காமினி.

பச்சை விஷயத்தில் என்னிடம் யாரும் விளையாட முடியாது. வேலையை விட்டு ஓய்வு பெறும்வரை பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் மேசையில் உட்கார்ந்து, ரெசிஸ்டர் என்கிற சாமானைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். உடம்பைச் சுற்றிக் கலர் கலராக வளையம். ஒவ்வொரு கலருக்கும் ஒரு எண். பச்சை ஐந்து, நீலம் ஆறு. நீலத்தைப் பச்சை என்று விட்டுவிட்டால் எங்கோ ஜெர்மனியில் ஒருவன் வீட்டு டிவி வெடித்து அவன் மீசை கருகும் என்று சூப்பர்வைசர் பயமுறுத்துவார். என்னால் இதுவரை ஒரு ஜெர்மன்காரன் மீசைக்கும் சேதம் இல்லை. ஆகவே என்னிடம் ஒருவர் பச்சை வேண்டாம் என்றால், பச்சை வேண்டாம். கீழ்மாடி சிக்கந்தர் பாயும் இதற்குச் சாட்சி. இதய மருந்து சாப்பிடுகிற அவரிடம் டாக்டர் கீரையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறாராம். கீரை பொல்லாதது மைக்கேல், ரத்தத்தோடு விளையாடும் என்று அவர் தலையை ஆட்டியபோது, மருத்துவ உலகமே என் பின்னால் அணிவகுத்து நிற்பதாக எனக்குத் தோன்றியது.

அன்றைக்கே வேட்டையை ஆரம்பித்தேன். கறிவேப்பிலை, கொத்தமல்லி, பயற்றங்காய், பாகற்காய், பண்டான் இலை எல்லாம் நாடு கடத்தப்பட்டன. சாம்பாரில் முருங்கைக்காய் எட்டிப் பார்க்க முடியாது. ரசத்தில் ஒரு கறிவேப்பிலைத் துணுக்கு மிதந்ததைப் பார்த்து, சட்டியோடு கொட்டிவிட்டு மறுபடி வைத்தேன். ரோசம்மா ஒரே ஒரு முறை, முருங்கைக் கீரையை நன்றாக வேகவைத்துக் கொஞ்சம் தண்ணீராகக் கொடுங்களேன் என்று கேட்டாள். கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டாள். மிஸ்ஸி சொல்லியிருக்கிறாள் என்று மறுத்துவிட்டேன். கடலுக்கு அக்கரையில் இருக்கிற செபராங் ஜெயாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்த மகள் லினெட்டும், கீரையே காணோமே என்றாள். ஆஸ்பத்திரி உத்தரவு என்று சொன்னதும் அவளும் வாயை மூடிக்கொண்டாள். நான் உத்தரவு என்று சொல்லும்போது குரலில் ஒரு பீரங்கி வைத்திருப்பேன்.

ஆனால் பச்சையைத் துரத்தியும் ரோசம்மா சாப்பிடவில்லை. கஞ்சி வைத்தேன், மீன் சூப் வைத்தேன், கேரட்டை மாவாகும்வரை வேகவைத்துப் பிசைந்தேன். எல்லாவற்றையும் ஒரு வாய் வைத்துவிட்டுத் தள்ளினாள். "ஆணியைச் சப்புற மாதிரி இருக்குங்க," என்பாள், ஏதோ அவள்தான் தப்புச் செய்துவிட்ட மாதிரி. இரவல் வாங்கிய உடம்புபோல் நாளுக்கு நாள் அவளிடமிருந்து ஏதோ கழன்றுகொண்டிருந்தது. முன்பெல்லாம் அவள் அடுப்படியில் நடந்தால் எட்டாவது மாடிக்காரன் தன் கூரையைத் தட்டுவான். இப்போது எனக்குப் பின்னால் வந்து நின்றாலும் தெரிவதில்லை. இப்படியே எடை இறங்கினால் அடுத்த மருந்தை ஏற்ற முடியாது, தள்ளிப்போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தார். நான் சும்மாவே பெரிதாக்கிப் பேசுகிறவன். அந்த ஒரு பேச்சைச் சிறிதாக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ராத்திரி அவள் மூச்சை நான் எண்ணியதில்லை. எண்ணினால் தீர்ந்துவிடும் என்று பயமாக இருந்தது.

அப்புறம்தான் அந்த வீடியோ வந்தது. கைப்பேசியில் யாரோ ஒரு வெள்ளைக்காரி, ஜன்னலுக்கு வெளியே பனி உருகிச் சொட்டிக்கொண்டிருக்க, வசந்த காலத்துக் காய்கறி என்று சொல்லி ஒரு பெரிய தட்டில் எதையெதையோ சீவிப் போட்டு, மேலே ஆரஞ்சும் எலுமிச்சையும் பிழிந்து, இரண்டு கையாலும் அள்ளிப் புரட்டினாள். ரோசம்மா அதை மறுபடி பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். மத்தியானம் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தவளின் தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்தேன். எச்சில் விழுங்குகிறாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு என் மனைவிக்கு வாய் ஊறுகிறது.

"இது வேணும்ங்க எனக்கு," என்றாள்.

அவள் நிலாவைக் கேட்டிருந்தால்கூட கொம்தார் கோபுரத்தின் உச்சியில் ஏணி வைத்திருப்பேன். ஆனால் அவள் கேட்டது வசந்தத்தை. பினாங்கில் ஏது வசந்தம்? இங்கே வெயில் ஒன்று, மழை ஒன்று, இரண்டும் சேர்ந்து அடிக்கிற சாயங்காலம் ஒன்று. அதைக்கூடச் சமாளித்துவிடலாம், அந்தத் தட்டில் பாதிக்குமேல் பச்சையாக அல்லவா இருக்கிறது. பட்டாணி, கீரைக் கொழுந்து, தண்டு தண்டாக ஏதோ ஒன்று. பச்சையை எடுத்துவிட்ட வசந்தம் என்று ஒன்று உலகத்தில் உண்டா? இல்லையென்றால் நான் உண்டாக்குகிறேன் என்று மறுநாள் காலையிலேயே ஜெலுத்தோங் பாசாருக்குப் போனேன்.

ரெசிஸ்டர் பார்த்த கண்ணுக்கு வேலை கிடைத்த நாள் அது. சிவப்பு முள்ளங்கி, கேரட், ஊதா முட்டைகோஸ், மஞ்சள் குடைமிளகாய், பிஞ்சுச் சோளம், ரோஜாக் கலவைக்குப் போடுகிற செங்குவாங் கிழங்கு, லக்சா நூடுல்ஸுக்கு வாங்குகிற இளஞ்சிவப்புக் கந்தான் பூமொட்டு. கேரட்டின் தலையில் ஒட்டியிருந்த பச்சைக் காம்பை அங்கேயே கிள்ளிப் போடச் சொன்னேன். காய்க்காரச் சீனத்தி என்னை ஏற இறங்கப் பார்த்து, அங்கிள் ரொம்ப அழகு பார்க்கிறாய் என்று மலாயில் சிரித்தாள். நான் குடைமிளகாயைச் சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து எங்காவது பச்சை நிழல் ஓடுகிறதா என்று சுற்றிப் பார்த்தேன். பாசாரே வியாபாரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்ப வேண்டாம், ஒரு நாலு பேர் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றையும் கழுவினேன். வேகவைத்தால் கலர் போய்விடும், கடிக்கிற சத்தமும் போய்விடும், வெள்ளைக்காரியும் வேகவைக்கவில்லை. காகிதம் மாதிரிச் சீவினேன். கந்தான் மொட்டை இதழ் இதழாகப் பிரித்து நூலாக நறுக்கினேன். வீடு முழுக்க வாசனை பரவி, படுக்கையறையிலிருந்து ரோசம்மா என்ன அது என்று கேட்டாள். இரண்டு ஆரஞ்சுப் பழத்தைச் சுளையாக உரித்துப் போட்டேன். நடையில் உட்கார்ந்து பிழிந்து வந்த எலுமிச்சைச் சாற்றில் உப்பு, மிளகு, கொஞ்சம் சீனிப்பாகு, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு அடித்து, மேலே ஊற்றி, இரண்டு கையையும் விட்டுப் புரட்டினேன். தட்டைப் பார்த்தேன். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒரே நாளில் கல்யாணம் நடந்த மாதிரி இருந்தது. ஒரு துளி பச்சை இல்லை.

ரோசம்மா சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தாள். ஒரு கேரட் துண்டைத்தான் முதலில் எடுத்தாள். கடித்தாள். அந்தச் சத்தம் கேட்டது. அவள் முகம் சுருங்கியது. நான் பக்கத்தில் துப்புவதற்குக் கிண்ணம் எடுத்துவிட்டேன். அவள் கையை ஆட்டி மறுத்தாள்.

"புளிக்குது," என்றாள். "ஏங்க, புளிக்குது."

அதை அவள் சொன்ன விதத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. காணாமல் போன ஆளைக் கூட்டத்தில் பார்த்துவிட்ட மாதிரிச் சொன்னாள். அப்புறம் கரண்டியை வைத்துவிட்டுக் கையாலேயே எடுத்தாள். முள்ளங்கி, சோளம், சுளை. விரலில் வழிந்த சாற்றை நக்கினாள். சத்தம் போட்டு மென்றாள். முப்பது வருடமாக, வாயை மூடிக்கொண்டு மெல்லுங்கள் என்று என்னைத் திட்டியவள், அரிசி ஆலை மாதிரி மென்றுகொண்டிருந்தாள். நான் அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். சட்டி எதுவும் கழுவவில்லை.

எனக்குச் சந்தோஷம் வந்தால் ஊருக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. யாரிடம் சொல்வது? இந்த வெற்றிக்குக் காரணமே காமினிதானே. வார்டு நம்பருக்கு அடித்தேன். அவளே எடுத்தாள். பாசாரில் சூரியனுக்கு நேராகக் குடைமிளகாயைத் தூக்கிப் பிடித்ததிலிருந்து ஆரம்பித்து, நடையில் எலுமிச்சைக்கு வழங்கிய தீர்ப்புவரை, ஒரு நாடகமே நடத்தினேன். அவளும் சிரித்தாள். கடைசியாக, எல்லாம் சீவிப் போட்டது, ஆன்ட்டி கையால் அள்ளிச் சாப்பிடுகிறாள், உன் தமிழை மதித்து ஒரு துளி பச்சை சேர்க்கவில்லையம்மா என்றேன்.

சிரிப்பு நின்றது.

"அங்கிள், அந்தக் காய்லாம் மசாக் பண்ணீங்களா?"

சமைக்கவில்லையே, சமைத்தால் கலர் போய்விடுமே என்றேன்.

"அங்கிள்..." என்றாள். அப்புறம் மெதுவாக, "பச்சைனா பச்சைக் கலர் இல்ல அங்கிள். மெந்தா. வேகாதது. அதத்தான் நான் சொன்னேன்."

அவள் குரல் உடைந்துவிட்டதா, இல்லை என் காதா என்று தெரியவில்லை. தன் தமிழ் தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். அவள் தமிழில் ஒரு தப்பும் இல்லை. பச்சை என்றால் அதுவும்தான், இதுவும்தான். அப்புறம் அவள் மிஸ்ஸியாக மாறி, ஒவ்வொன்றாகச் சொன்னாள். இதற்குமேல் ஒரு வாய்கூடக் கொடுக்காதீர்கள். ஆன்ட்டிக்கு ரத்தத்தில் வெள்ளை அணு மிகவும் கீழே இருக்கிற வாரம் இது. கழுவினாலும் காயில் ஒட்டியிருக்கிற கிருமி போகாது. ஒன்றும் ஆகாமலும் போகலாம். காய்ச்சலைப் பார்த்துக்கொண்டே இருங்கள், இன்றைக்கும், வருகிற நாட்களிலும். முப்பத்தெட்டைத் தொட்டால் யோசிக்காமல் நேரே கொண்டுவந்துவிடுங்கள். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். போனில் தலையாட்டுவது தெரியாது என்றுகூட எனக்கு உறைக்கவில்லை.

மேசைக்குப் போனேன். தட்டில் பாதிக்குமேல் காலியாகியிருந்தது.

"ரோசு, அத வச்சிடு."

"ஏன், உங்களுக்கும் ஆசை வந்துடுச்சா? இருங்க, தர்றேன்." மோவாயில் சாறு மினுங்க, சிரித்தாள்.

சொன்னேன். ஒரு வேடிக்கையாக ஆரம்பிக்கலாம் என்று வாயைத் திறந்தேன், முதல் சொல்லே வரவில்லை. காமினி சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டுவாள், அழுவாள், பயப்படுவாள் என்று நான் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அவள் வேறு கணக்கில் இருந்தாள்.

"அப்ப முருங்கைக் கீரை சாப்ட்டிருக்கலாமா?"

"சாப்ட்டிருக்கலாம்."

"வேக வச்சு?"

"வேக வச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தலையில் கட்டியிருந்த துணி நழுவும்வரை சிரித்தாள். பாவி மனுஷா, ரசத்தைச் சட்டியோட கொட்டுனியே பாவி மனுஷா என்று மேசையைத் தட்டினாள். கல்யாணமான புதிதில்கூட அவள் என்னை ஒருமையில் கூப்பிட்டதில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தோம். நான் தட்டை என் பக்கம் இழுத்தேன். தட்டு வரவில்லை. பார்த்தால், மறுபக்கத்தை அவள் இடது கை பிடித்திருந்தது.

"இன்னும் ஒரு வாய்ங்க."

"கூடாது ரோசு."

"ஒரே வாய்தான். நாளைக்கு எதைக் கொடுத்தாலும் மறுபடி ஆணிதான். உங்களுக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அந்தக் கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? அந்த முள்ளங்கியிலிருந்துதான் வந்திருக்கும். தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், பெரிய சட்டியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மிச்சம் இருந்ததை எல்லாம் அதில் கொட்டினேன். ஊதாக் கோஸ் முதலில் தண்ணீரை நீலமாக்கியது. எலுமிச்சைச் சாறு கலந்ததும் நீலம் கலங்கி ரோஜா நிறமானது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் சேர்ந்து எந்த வளையத்திலும் நான் பார்த்திராத ஒரு கலராக ஆயிற்று. குழைய வெந்ததும் வடித்து எடுத்துக்கொண்டு போனேன். அவள் ஒரு கரண்டி வாயில் வைத்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். எனக்காகத் தலையை மட்டும் ஆட்டினாள், நன்றாக இருக்கிறது என்பதுபோல.

முதல் தடவை தெர்மாமீட்டர் முப்பத்தாறு புள்ளி எட்டு என்றது. நான் அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓர் ஆட்டம் ஆடினேன்; ரோசம்மா விசில் அடிக்கப் பார்த்து, காற்றுதான் வந்தது. லினெட்டைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஆபீஸிலிருந்து உடனே கிளம்புகிறேன் என்றாள். என்னைத் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. வெயில் ஜன்னலிலிருந்து சோபாவுக்கும், சோபாவிலிருந்து சுவருக்கும் நகர்ந்தது. ரோசம்மா கால் குளிருகிறது என்றாள். விசிறியை நிறுத்தினேன். அடுத்த தடவை முப்பத்தேழு புள்ளி நான்கு. அதற்கடுத்த தடவை புள்ளி ஏழு. வாழ்நாள் முழுக்கக் கொசுவை யானையாக்கியவன் நான். அந்தப் புள்ளி ஏழை அதற்குமேல் ஊத எனக்குத் தைரியம் இல்லை. பையில் அவளுடைய இரண்டு கைலியும் போர்வையும் ஜெபமாலையும் எடுத்து வைத்தேன். லினெட், பினாங்குப் பாலத்தின் நடுவில் ஜேம், ஒரு லாரி நின்றுவிட்டது, நகரவே இல்லை என்று கூப்பிட்டாள். நான் வாடகைக் காருக்குச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டதற்கு, முப்பத்தெட்டு ஆகட்டும் என்றாள் ரோசம்மா. அவளும் அந்த எண்ணிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னொரு தரம் பார்ப்போம்," என்றேன்.

அவள் சோபாவில் சாய்ந்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, வாயைத் திறக்கச் சொன்னால் திறக்கவில்லை. உதட்டை மட்டும் கொஞ்சம் விலக்கினாள். நான் தெர்மாமீட்டரை நாக்குக்குக் கீழே வைத்தபோதுதான் பார்த்தேன், வலது கன்னம் லேசாகப் புடைத்திருந்தது. தட்டிலிருந்து அந்தத் துண்டை எப்போது எடுத்தாள், எங்கே வைத்திருந்தாள், எத்தனை நேரமாக அடக்கிக்கொண்டிருக்கிறாள், தெரியவில்லை. நான் உள்ளங்கையை அவள் மோவாய்க்குக் கீழே நீட்டினேன். அவள் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். துப்பவில்லை. கீழே கார் நிறுத்துமிடத்தில் யாரோ ஹாரன் அடித்தார்கள். கையை நீட்டியபடி நான் உட்கார்ந்திருந்தேன்; தெர்மாமீட்டர் இன்னும் சத்தம் கொடுக்கவில்லை. அதன் வால் மட்டும் அவள் உதடுகளுக்கிடையே, அவள் சப்பச் சப்ப, மெல்ல மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது.